அரைச் சுற்று

வாய்க்குள் மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. உள்ளங்கையில் துப்பிப் பார்த்தேன். நகத்துண்டு அளவில் சுருண்டு கிடந்த வெள்ளை டேப். தண்ணீர்க் குழாய் கசியாமலிருக்க மரையில் சுற்றுவோமே, அதே டேப். கூடவே பல் நிறத்தில், அரிசியளவு ஒரு துணுக்கு.

வேறு யாராவது என்றால் பதறியிருப்பார்கள். நான் லிஃப்ட் மெக்கானிக். எனக்கு முதலில் வந்தது ஆர்வம்தான். பயம் கொஞ்சம் கழித்து வந்தது, வந்து உட்கார்ந்துகொண்டது.

என் கீழ்த்தாடையில் சொந்தப் பல் ஒன்றுகூடக் கிடையாது. ஈறு நோயில் எல்லாம் போய்விட்டன. நான்கு வாரத்துக்கு முன்பு, டாக்டரம்மா என் தாடை எலும்பில் நான்கு டைட்டானியம் ஆணிகளைப் பதித்தார். அவற்றின் மேல் பன்னிரண்டு பற்கள் உள்ள ஒரே வளைவை உட்காரவைத்தார். வளைவை ஆணியோடு கட்டுவது ஒரு குட்டித் திருகு. பல்லின் மேலிருக்கும் துளை வழியாக அதை முடுக்கிவிட்டு, துளையில் டேப்பைத் திணித்து, பல் நிறப் பசையால் அடைத்துவிடுவார்கள். நாளைக்கே கழற்ற வேண்டி வந்தால் பசையைச் சுரண்டி, டேப்பை இழுத்தால் திருகு கண்ணுக்குத் தெரியும். எத்தனை புத்திசாலித்தனமான ஏற்பாடு என்று அன்றைக்கே சிலாகித்தேன். "பேசாதீங்க சார், தையல் பிரிஞ்சிடும்" என்றார் டாக்டரம்மா.

ஆக, ஒவ்வொரு இடத்திலும் இரண்டு பொருள்கள். எலும்பில் நிற்பது ஆணி. பல்லை அதோடு கட்டுவது திருகு. என் பயம் முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கிடந்து அல்லாடியது.

டேப் வாயில் வந்தபோது நான் லிஃப்டுக்குள் இருந்தேன். நான்காவது மாடிக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் நிறுத்தி, கதவுச் சென்சாரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மேலே இயந்திர அறையில் என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன். எதைச் சொன்னாலும் "இரு, இரு" என்பதால் எங்கள் வட்டாரத்தில் அவருக்கு பிரேக் என்று பெயர்.

லிஃப்டின் பின்சுவரில் ஆள் உயரக் கண்ணாடி. கையில் செல்போன் டார்ச். பையில் சென்சார் திருகுகளை முடுக்கும் ஆலன் கீ வரிசை, அறுகோண முனையுள்ள வளைந்த கம்பிகள். இதெல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்தால் ஒரு மெக்கானிக் என்ன செய்வான்? வாயைப் பிளந்து வெளிச்சம் காட்டினேன். இடது கடைசிக்கு முந்தின பல்லில் துளை, அதன் அடியில் அறுகோணக் குழி. இருப்பதிலேயே சிறிய கீயைத் துடைத்து உள்ளே விட்டேன். அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தியது. முடுக்கினேன்.

வழுக்கிக்கொண்டு அரைச் சுற்று சுற்றி, நின்றது. வலியே இல்லை.

ஒரு நொடி பெருமையாக இருந்தது. அடுத்த நொடி கீயை வெளியே உருவினேன்.

சுற்றியது எது? திருகு தளர்ந்திருந்து அது இறுகியிருந்தால் நல்லது. ஆனால் எலும்புக்குள் ஆணியே சுற்றியிருந்தால்? வெளியே நின்று பார்ப்பவனுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

டாக்டரம்மா எனக்குப் படம் வரைந்து விளக்கியிருந்தார். ஆணியை அதைவிடச் சற்றுச் சிறிய துளையில் முடுக்குவதால் முதல் நாள் கெட்டியாக நிற்கும். பிறகு, நசுங்கிய எலும்பை உடம்பு கரைத்து அகற்றும். அந்த இடத்தில் புது எலும்பு வளர்ந்து ஆணியைக் கவ்வப் பல வாரம் ஆகும். பழைய பிடி போய், புதுப் பிடி வராத காலம் மூன்றாவது வாரத்திலிருந்து ஐந்தாவது வாரம் வரை. அப்போது வீக்கமும் வலியும் போயிருக்கும், மனிதனுக்குத் துணிச்சல் வந்திருக்கும். பழைய கம்பிக் கயிற்றைக் கழற்றிவிட்டுப் புதுக் கயிற்றை இன்னும் மாட்டாத லிஃப்ட் மாதிரி. அந்த லிஃப்டில்தான் நான் ஏறிக் குதித்திருந்தேன்.

எனக்கு மாற்று இடமும் கிடையாது. ஸ்கேனில் எலும்பு தடிமனாக இருந்தது அந்த நான்கு இடத்தில் மட்டும். ஒன்று போனால் மீதி மூன்று தாங்காது. பிறகு பழையபடி கழற்றி மாட்டும் பல்செட்டுதான். அந்தச் செட்டு, ஒருநாள் நான் லிஃப்டின் கூரைமேல் நின்று கீழே குனிந்தபோது, வாயிலிருந்து நழுவி ஒன்பது மாடி ஆழத்தில் விழுந்தது. பிடிக்கப் பாய்ந்தேன். மச்சான் என் இடுப்பு பெல்ட்டைப் பிடித்திராவிட்டால் செட்டுக்குப் பின்னாலேயே நானும் போயிருப்பேன். அன்றிலிருந்து அவர் ஒரே பேச்சு: "பல்லு நிக்கட்டும், அப்புறம் நீ மேல நில்லு." கூரைமேல் ஏறாத லிஃப்ட் மெக்கானிக் பொத்தான் துடைக்கத்தான் லாயக்கு.

"மாப்ள, தூங்கிட்டியா?" போனில் மச்சான்.

"இல்ல மச்சான். என்னைக் கீழ இறக்குங்க."

"இரு, இரு. குரல் ஏன் கம்முது?"

சொல்லிவிட்டேன். 

"வாயில ஆலன் கீ விட்டியா? ஏன், சுத்தியல் உள்ள போகலையா?"

"மச்சான், வீட்ல சொல்லாதீங்க."

"அவ என் தங்கச்சி மாப்ள. நான் சொல்லலன்னா, அவளா கண்டுபிடிச்சு ரெண்டு பேரையும் சேர்த்து உரிச்சுடுவா."

நான் தரைத்தளம் இறங்குவதற்குள் செய்தி வீட்டை அடைந்திருந்தது. மருத்துவமனை வாசலில் மனைவி எனக்கு முன்பே வந்து நின்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டாமல் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். அது இன்னும் பயமாக இருந்தது.

டாக்டரம்மா தன் குட்டித் திருப்புளியின் கழுத்தில் நூலைக் கட்டினார்.

"நூல் எதுக்கு டாக்டர்?"

"கை வழுக்கினா தொண்டைக்குள்ள போயிடும். நுரையீரலுக்குப் போனா ஆபரேஷன். நீங்க எந்த நூலைக் கட்டினீங்க?"

 என் கீ எவ்வளவு சிறியது என்பது அப்போதுதான் உறைத்தது.

"எவ்வளவு திருப்பினீங்க?"

"அரைச் சுற்று. கீயோட குட்டைப் பக்கத்தைப் பிடிச்சு, ரெண்டு விரலால."

"இவ்வளவு கரெக்டா யாரும் சொன்னதில்ல. இப்ப எதிர்ப்பக்கம் திருப்புறேன். திருகு மட்டும் வந்தா தப்பிச்சோம். உள்ள ஏதாவது கூடவே திரும்புற மாதிரி இருந்தா கையைத் தூக்குங்க."

நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்தேன். தாடைக்குள் நானே இறங்கி நின்று கேட்பது போலக் கேட்டேன். கிரீச் என்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. அவர் திருகை எடுத்துத் தட்டில் போட்டார். மற்ற மூன்றையும் கழற்றி வளைவைத் தூக்கினார். நான்கு ஆணிகளும் இருந்த இடத்தில் இருந்தன.

"திரும்பல" என்றார். என் மனைவி சத்தமாக மூச்சு விட்டாள்.

"இருங்கம்மா, இன்னும் முடியல."

ஒவ்வொரு ஆணியின் மேலும் காந்தமுள்ள ஒரு சிறு குச்சியைப் பொருத்தி, ஒரு கருவியை அருகில் கொண்டுபோனார். நட்ட கம்பத்தைத் தட்டி, அது அதிர்வதை வைத்து எவ்வளவு கெட்டி என்று சொல்வோமே, அதைத்தான் இந்தக் கருவி காந்தத்தால் செய்து எண்ணாகக் காட்டுகிறது. அறுபதுக்கு மேல் இருந்தால் நிம்மதி. மூன்று ஆணிகளில் அறுபத்தாறு, அறுபத்தெட்டு, அறுபத்தைந்து. நான் கீ விட்ட நான்காவதில், நாற்பத்தொன்பது.

"திருகு தானா தளராது சார். கடினமா ஏதாவது கடிச்சீங்களா?"

"கஞ்சியும் கூழும்தான் டாக்டர். சத்தியமா."

மனைவி குறுக்கே வந்தாள். "டாக்டர், இவரு காலையில எழுந்ததும் கண்ணாடி முன்னாடி நின்னு, அந்தப் பல்லைக் கட்டைவிரலால நெம்பி நெம்பிப் பார்க்கிறாரு. கேட்டா, டெஸ்டிங்னு சொல்றாரு."

உண்மைதான். தினமும் பிரேக்கைச் சோதிக்காமல் நாங்கள் லிஃப்டை ஓடவிடுவதில்லை. முப்பது வருடப் பழக்கம். வலது பக்கம் இரண்டு நெம்பு. இடது பக்கம், கட்டைவிரலுக்குத் தோதான பக்கம் என்பதால், நான்கு. ஆடவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் எனக்குக் காபி இறங்கும்.

டாக்டரம்மா திருப்புளியைக் கீழே வைத்தார். "எலும்பு வளர அசைவே கூடாது சார். ஆடுதா ஆடுதான்னு பார்த்துப் பார்த்து நீங்களே ஆட்டிட்டிருக்கீங்க."

கடிக்கும்போது அந்தப் பல் மேல் பல்லோடு முட்டாமலிருக்க, தலைமயிர் அளவு ராவிவிட்டார். புதுத் திருகு போட்டு, கருவி க்ளிக் என்று சொல்லும்வரை மட்டும் முடுக்கி, டேப்பும் பசையும் வைத்து அடைத்தார். "ஆறு வாரம். நாக்கால தொடக்கூடாது, விரலால தொடக்கூடாது. அப்ப எண் ஏறியிருந்தா பிழைச்சோம். இறங்கியிருந்தா, ஆணியை எடுத்துடணும்."

அந்த ஆறு வாரத்தை எப்படிச் சொல்வது? சோதிக்கக்கூடாத பிரேக்கை நம்பி நாள் முழுக்கப் பயணம் செய்தேன். தும்மல் வந்தால் பயம். கொட்டாவி வந்தால் பயம். காலையில் என் கை தானாக வாய்க்குப் போகும். மனைவி பின்னாலிருந்து "ம்" என்பாள், கை இறங்கும். இயந்திர அறையில் நான் ஸ்விட்சைக் காத்து நிற்க, ஐம்பத்தெட்டு வயதில் மச்சான் கூரைமேல் ஏறினார். அவர் அங்கிருந்து இறங்கும்வரை அதற்கும் சேர்த்துப் பயந்தேன்.

ஆறாவது வாரம் மறுபடி அதே நாற்காலி. வளைவு கழன்றது. நல்ல மூன்றை முதலில் அளந்தார். எண்கள் ஏறியிருந்தன, என் காதில் ஏறவில்லை. நான்காவதன் மேல் குச்சி உட்கார்ந்தது. கருவி ஒருமுறை பீப் என்றது. டாக்டரம்மா எண்ணைச் சொல்லாமல் மறுபடி அளந்தார். அந்தச் சில நொடிகளில் நான் செட்டோடு வீட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டேன்.

"அறுபத்துமூணு" என்றார். "நம்ப முடியாமத்தான் ரெண்டாவது தடவை பார்த்தேன். கவ்விடுச்சு சார்."

என் கண்ணில் நீர் வந்ததற்கு விளக்கின் கூச்சம்தான் காரணம் என்று சொன்னேன். யாரும் நம்பவில்லை.

வெளியே பெஞ்சில் மச்சான். என் மனைவியின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு எழுந்தார்.

"அப்புறம் என்ன மாப்ள, நாளைக்கு மேல நீ ஏறு. என் முட்டி தேய்ஞ்சு போச்சு."

நாக்கு இடது பக்கம் போனது. பாதி வழியில் நிறுத்தினேன்.

"நாளைக்கு வேணாம் மச்சான்" என்றேன். "நாளன்னைக்கு."

"ஏன், இன்னும் பயமா?"

"ஆமா."

"சரி, வா" என்று என் தோளில் கையைப் போட்டு, லிஃப்டைத் தாண்டிப் படிக்கட்டுப் பக்கமாக நடத்திப் போனார்.