கருப்பி ஒதுக்கிய தழை

கேளுங்கள் கண்ணுகளா. புதுச்சத்திரத்துப் பக்கம் ஊரே டப்பா மருந்துக்கு மாறிய பிறகும் வள்ளியாத்தாள் தன் கத்தரிக்குத் தழைக்கரைசல்தான் தெளித்தாள். எந்தத் தழை என்பதை அவளுடைய வெள்ளாடு கருப்பிதான் சொல்லும். அது மோந்துவிட்டு முகத்தைத் திருப்பும் தழையை ஒடித்து, இடித்து, கோமியத்தில் ஊறவைப்பாள். ஆட்டுக்குக் கசப்பது புழுவுக்கும் கசக்கும் என்பது அவள் நம்பிக்கை.

புருசன் செத்ததும் அவன் விட்டுப்போன அந்தக் கத்தரிக் காட்டு நிலத்தின் மேல் கொழுந்தன் மயில்சாமிக்குக் கண். இந்த வெள்ளாமையை அவள் எடுத்துவிட்டால் காடு அவளுக்கு, அழிந்தால் அவனுக்கு என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லியிருந்தார்கள்.

கத்தரி பிஞ்சு விடும் நேரம் பார்த்து, தன் சோளத்தை மேய்ந்துவிட்டதென்று மயில்சாமி கருப்பியைப் பிடித்துக் கட்டிவைத்தான்.

"ஆட்ட உடு சாமி, புழு உழுந்திருச்சு. தழை ஒடிக்கோணும்."

"ஏனுங்க நங்கை, உங்க மூளை ஆட்டுத் தலைலீங்களா இருக்குது?" என்று அண்ணன் பெண்டாட்டியைக் கேலி பேசினான்.

சில நாள் மழையில் அவளை அலையவிட்டுத்தான் அவிழ்த்தான்.

"தீனி போட்டியா?"

"வயித்தப் பாருங்க, கும்முனு இருக்குது."

அத்தனையும் வெறும் தண்ணீர், தீனி ஒரு வாய்கூடப் போடவில்லை. அவளுக்கு அது தெரியாது. வேலியோரம் இழுத்துப் போய் எருக்கை நீட்டினாள், தின்றது. நொச்சியையும் தின்றது. ஊமத்தையை அவள் கையிலிருந்தே பிடுங்கித் தின்றது.

"மழைல கசப்பெல்லாம் போயிருச்சே!" என்று தழையைக் கீழே போட்டாள். கருப்பி ஒதுக்கும் ஓர் இலைக்காக வேலி வேலியாக அலைந்தாள். போன இடமெல்லாம் அது தின்றது. கடைசியில் நுரை தள்ளி அவள் மடியிலேயே விறைத்தது.

கசப்பு போகவில்லை, பட்டினியில்தான் எல்லாவற்றையும் தின்றது என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அழுதுகொண்டே தழையை இடித்து ஊறப்போட்டாள். கரைசல் பதமாவதற்குள் புழு காய்க்குள் இறங்கிவிட்டது. உள்ளே போன புழுவை எந்தத் தெளிப்பும் எட்டாது. பெரியவர்கள் வந்து பிட்டுப் பார்த்த காயெல்லாம் புழு.

அடுத்த பட்டத்தில் காடு மயில்சாமிக்கு. தழை இடிக்க அவளையே கூலிக்குக் கூப்பிட்டான். எருக்கு, நொச்சி, ஊமத்தை எல்லாம் உரல் பக்கத்தில் குவிந்து கிடந்தன.

"இந்த வருசம் நானே மோந்து பாத்துட்டனுங்க நங்கை. நல்லா இடிங்க."

வள்ளியாத்தாள் உலக்கையை எடுத்தாள். கருப்பியைக் கட்டிய கயிறு அவன் கன்றுக்குட்டியின் கழுத்தில் கிடந்தது.