சாயம் சரியில்லை

எனக்கு ஊசி என்றால் பயம். இருபத்திரண்டு வருஷமாக ரத்தப் பரிசோதனை லேப்பில் வேலை பார்க்கிறவள் இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது பேரைக் குத்துகிறேன். கைக்குழந்தை என்றால் கூட ஒரே குத்துதான், அழுவதற்குள் வேலை முடிந்துவிடும். ஆனால் ஊசி என் விரல் பக்கம் வந்தால் உள்ளங்கை சில்லிட்டுப் போகிறது. அதனால்தான் தினமும் காலையில் என் விரலுக்குப் பதிலாகத் தங்கையின் விரலைக் குத்தினேன்.

எதற்குக் குத்த வேண்டும் என்று கேட்பீர்கள். ரத்தத்தை அப்படியே மைக்ராஸ்கோப்பில் வைத்தால் உருப்படியாக ஒன்றும் தெரியாது. கண்ணாடித் துண்டில் ஒரு துளி வைத்து, இன்னொரு கண்ணாடியால் மெல்லிசாக இழுத்து, காயவைத்து, சாயம் ஊற்ற வேண்டும். அப்போது சிவப்பணுக்கள் இளஞ்சிவப்பாக, தட்டுத் தட்டாக, ஒன்றை ஒன்று தொடாமல் கிடக்கும். வெள்ளையணுக்களுக்குள் இருக்கும் கரு ஊதாவாகத் தெரியும். இடையில் இருக்கும் வெற்றிடம் துடைத்துவைத்த கண்ணாடிபோல இருக்க வேண்டும். சாயம் கெட்டிருந்தால் எல்லாம் குழம்பிப் போகும். நோயாளிகளின் ஸ்லைடில் அந்தக் குழப்பம் வரக் கூடாது என்பதற்காக, லேப் திறந்ததும் நோயே இல்லாத ஓர் ஆளின் ரத்தத்தில் சாயத்தைச் சோதித்துப் பார்ப்போம். அந்த ஸ்லைடுக்குக் கண்ட்ரோல் என்று பெயர்.

எங்கள் லேப்பில் நோயே இல்லாத ஆள் என் தங்கை பொடிசு. முன் கவுண்டரில் உட்கார்ந்து வருகிறவர்களின் பெயரைப் பதிந்து ரிப்போர்ட் கொடுக்கிறவள். என்னைவிட ஒன்பது வயது சின்னவள் என்பதால் வீட்டில் பொடிசு என்று கூப்பிட்டுப் பழகிவிட்டது. இப்போது நாற்பத்தியொரு வயது, என்னைப்போல் ஒன்றரை ஆள் இருப்பாள், பெயர் மட்டும் மாறவில்லை. இரண்டு பேருக்கும் வேறு நாதியில்லை. ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே பஸ். அவளுக்குக் கல்லைத் தின்றாலும் செரிக்கும். காய்ச்சல் என்று படுத்து நான் பார்த்ததில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் ரத்தம்தான் கண்ட்ரோல் என்று முடிவு செய்தேன். அதற்கப்புறம் அதைப் பற்றி ஒரு நாளும் யோசிக்கவில்லை.

அவள் காலையில் பையை வைத்ததும் விரலை நீட்டிக்கொண்டு வருவாள். அக்காவுக்குத் தினமும் காலைச் சாப்பாடு என் ரத்தம்தான் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். சும்மா கிட என்று அதட்டிவிட்டுக் குத்துவேன்.

பிறகு ஸ்லைடில் நீலம் வந்தது. எப்போது ஆரம்பித்தது என்று யாராவது கேட்டிருந்தால், போன மாசம்தான் என்று சத்தியம் செய்திருப்பேன். அணுக்களுக்கு இடையில் கண்ணாடி தெரிய வேண்டிய இடத்தில் லேசாக நீலம் படிந்திருந்தது, நீலத் துணி துவைத்த தண்ணீரில் வெள்ளை வேட்டியை முக்கி எடுத்தது மாதிரி. சாயம் சரியில்லை என்று அந்த நிமிஷமே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். சாய விஷயத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று எனக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்பைத் தூக்கிக் குப்பையில்தான் போட வேண்டும்.

சாயக் கம்பெனி ஆளைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். பாவம், சாது மனுஷன். என்ன திட்டினாலும் சரி மேடம், மாத்திடறேன் மேடம் என்பார். பாட்டிலை மாற்றினார். நீலம் போகவில்லை. டிஸ்டில்டு வாட்டரை மாற்றினேன், கண்ணாடித் துண்டுகளை மாற்றினேன், சாயம் ஊறும் நேரத்தைக் குறைத்தேன். கடைசியில் சாயத்தோடு கலக்கும் கரைசலில் அமிலத்தைக் கூட்டிப் புளிப்பை ஏற்றினேன். புளிப்பு ஏறினால் நீலம் அடங்கி சிவப்புத் தூக்கும். கண்ட்ரோல் ஒருவழியாகப் பார்க்கும்படி வந்தது. விட்டேனா பார் என்று எனக்குள் ஒரே பெருமை.

அந்த வாரமே டாக்டர் என்னைக் கூப்பிட்டார். மத்தியானம் வந்து ஸ்லைடுகளைப் பார்த்து ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுகிறவர் அவர்தான். அதிர்ந்து பேசாத அம்மாள். நோயாளிகளின் ஸ்லைடெல்லாம் ஏன் இப்படிச் செக்கச்செவேல் என்று இருக்கிறது, கருவே சரியாகத் தெரியவில்லையே என்று கேட்டார். கண்ட்ரோல் சரியாக இருக்கிறது டாக்டர் என்றேன், முகத்தில் அடித்த மாதிரி. நாற்பது பேருடைய ஸ்லைடு ஒரு பக்கம், என் தங்கையின் ஸ்லைடு ஒரு பக்கம். நாற்பதும் தப்பு, இது ஒன்றுதான் சரி என்று நான் நின்றேன். எனக்கு அப்படி ஒரு கொழுப்பு.

அந்த நாட்களில் பொடிசுக்கு முதுகு வலி. எழுந்து நிற்கும்போது மேஜையைப் பிடித்துக்கொள்வாள். நாள் முழுக்க நாற்காலியில் சாய்ந்து கிடந்தால் வலிக்காமல் என்ன செய்யும், எழுந்து நாலு நடை நட என்றேன். தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்துவிட்டு அடிக்கடி பின்பக்கம் ஓடினாள். கவுண்டரில் உட்கார்ந்திருப்பதைவிட அங்கேதான் அதிகம் இருக்கிறாய், நாற்காலியை அங்கேயே போட்டுவிடவா என்று கிண்டலடித்தேன். வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் படுத்துவிடுவாள். சோம்பேறி, உடம்பு வளைய மாட்டேன் என்கிறது என்று பாத்திரம் தேய்த்துக்கொண்டே ஏசினேன். முன்பெல்லாம் ஒன்றுக்கு ஒன்பதாகத் திருப்பிக் கொடுப்பாள். இப்போது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஒரு புதன்கிழமை சாயக் கம்பெனி ஆள் நேரிலேயே வந்தார். கையில் முத்திரை பிரிக்காத பாட்டில். டாக்டருக்குப் பயந்து கரைசலை அன்றுதான் பழைய அளவுக்கே கொண்டுவந்திருந்தேன். நீலம் மறுபடி பளிச்சென்று வந்திருந்தது. அந்த ஸ்லைடை அவர் மூக்குக்கு முன்னால் நீட்டினேன். அவருக்கும் பொறுமைக்கு ஓர் எல்லை இருக்குமல்லவா.

"இதே சாயத்த வாங்கற வேற யாரும் ஒரு குறையும் சொல்லல மேடம். என் விரல்ல எடுத்துப் போட்டுப் பாருங்க" என்று கையை நீட்டினார்.

சரி, வீம்புக்கு வீம்பு. அவர் விரலில் ஒரு துளி எடுத்தேன். பொடிசைக் கூப்பிட்டு அவளிடமும் புதிதாக ஒரு துளி எடுத்தேன். இரண்டு ஸ்லைடும் ஒரே தாங்கியில், பக்கத்துப் பக்கத்தில். ஒரே பாட்டில், ஒரே கரைசல், ஒரே நேரம். கால் மணி நேரத்தில் இரண்டையும் கழுவிக் காயவைத்தேன். மைக்ராஸ்கோப்பில் வைப்பதற்கு முன்னாலேயே, வெறும் கண்ணுக்கே தெரிந்தது. ஒன்று இளஞ்சிவப்பு. ஒன்று நீலம்.

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தீங்களா மேடம்! சாயம் நல்லாத்தான் இருக்கு" என்றார். வேலை போய்விடுமோ என்று பயந்திருப்பார் போலிருக்கிறது. நான் இரண்டு ஸ்லைடையும் இடம் மாற்றி வைத்து மறுபடி பார்த்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் பொடிசு ஒரு பெரியவரிடம், வெறும் வயிற்றில்தான் வர வேண்டும், தண்ணீர் மட்டும் குடிக்கலாம் என்று விளக்கிக்கொண்டிருந்தாள்.

சாயக் கம்பெனி ஆளை அனுப்பிவிட்டு அவள் ஸ்லைடைப் பெரிய லென்ஸில் வைத்தேன். நாலு வருஷத்தில் அன்றைக்குத்தான் முதல்முறையாக அதில் நிறத்தை விட்டுவிட்டு அணுக்களைப் பார்த்தேன். தனித்தனியாகக் கிடக்க வேண்டிய சிவப்பணுக்கள் காசு அடுக்கியதுபோல வரிசை வரிசையாக ஒட்டியிருந்தன. தடித்த இடத்தில் அப்படி இருப்பது சகஜம் என்று நகர்த்தினேன். மெல்லிய ஓரத்திலும் அதே அடுக்கு. எங்கே நகர்த்தினாலும் அதே அடுக்கு.

இது எதனால் வரும் என்று படித்திருக்கிறேன். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் ஒருவகை அணு உண்டு. கிருமி வந்தால் அதை எதிர்க்கும் புரதத்தைச் செய்து ரத்தத்தில் விடுவது அதன் வேலை. அப்படி ஓர் அணு கெட்டுப்போனால், நிறுத்தாமல் இரண்டாகி, நாலாகி, எதற்கும் உதவாத ஒரே புரதத்தைக் கொட்டிக்கொண்டே இருக்கும், அதுவும் ஒரு புற்றுநோய்தான். அந்தப் புரதம்தான் சிவப்பணுக்களை ஒட்டவைக்கும், சாயத்தில் நீலமாகப் படியும். உள்ளே எலும்பை அரிக்கும். சிறுநீரகத்தின் வடிகுழாய்களை அடைக்கும். முதுகு வலி, தாகம், அசதி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக என் முன்னால் வந்து நின்றன.

பொடிசைக் கூப்பிட்டு, ரத்தம் பிடிக்கும் புதுக் குழாய் வந்திருக்கிறது, சோதித்துப் பார்க்க வேண்டும் என்று பொய் சொன்னேன். முழங்கையிலிருந்து இரண்டு குழாய் எடுத்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக இரண்டு தடவை குத்த வேண்டியிருந்தது.

ஒரு குழாயின் ரத்தத்தை உயரமான கண்ணாடிக் குழலில் ஏற்றி நிறுத்தினேன். நின்ற ரத்தத்தில் சிவப்பணுக்கள் மெதுவாக இறங்கும். மேலே மஞ்சள் நீர் தெளியும். ஒரு மணி நேரத்தில் பதினைந்து, இருபது மில்லிமீட்டர் இறங்கினால் கவலையில்லை. ஒட்டிக்கொண்ட அணுக்கள் கனத்தால் வேகமாக இறங்கும். ஸ்டூலை இழுத்துப் போட்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்தேன். கால் மணி நேரத்தில் முப்பதைத் தாண்டியது. குழல் சாய்ந்திருக்கிறதோ என்று நிமிர்த்திப் பார்த்தேன், நேராகத்தான் இருந்தது. கடவுளே நில்லு, நில்லு என்று வாய்விட்டுச் சொன்னேன். பொடிசு நடுவில் ஒருமுறை எட்டிப் பார்த்து, என்னக்கா அதையே முறைச்சுக்கிட்டு இருக்கே என்றாள். வேலையைப் பாரு போ என்றேன். ஒரு மணி நேரம் முடிந்தபோது நூற்றிப் பதினெட்டு.

இரண்டாவது குழாயில் சிறுநீரகத்தைப் பார்த்தேன். வடிகட்டப்படாமல் ரத்தத்தில் தங்கிவிட்ட கழிவைச் சொல்லும் எண் ஒன்று உண்டு. ஒன்றுக்கு மேல் போகக் கூடாது. நாலரை இருந்தது. மெஷின் மேல் சந்தேகம் வந்து மறுபடி ஓட்டினேன். மெஷினும் சரியாகத்தான் இருந்தது.

டாக்டர் வந்ததும் எல்லாவற்றையும் அவர் முன்னால் வைத்தேன். லென்ஸில் வைத்த கண்ணை அவர் வெகுநேரம் எடுக்கவில்லை. இது யார் என்று கேட்டார். சொன்னேன். இது எவ்வளவு வேகத்தில் வளர்கிறது என்று தெரிந்தால்தான் வைத்தியத்தை எங்கே ஆரம்பிப்பது என்று பெரிய ஆஸ்பத்திரியில் முடிவு செய்வார்கள், அவளுடைய பழைய ரத்தம் ஏதாவது சோதித்திருக்கிறதா என்றார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். இன்றைக்குத்தான் பார்த்தேன் என்றால் அதிலும் பொய்யில்லை. கண்ட்ரோல் ஸ்லைடுகளை ஒரு வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அலமாரியின் அடித்தட்டில் பெட்டி பெட்டியாக இருக்கின்றன, என்னைத் தவிர அவற்றை யாரும் தொட மாட்டார்கள். அப்படியே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வரலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நினைத்தேன்தான், மறைக்கவில்லை.

அலமாரி முன்னால் தரையில் உட்கார்ந்து பின்னோக்கி எடுத்துக்கொண்டே போனேன். போன மாசம், நீலம். அதற்கு முந்தின மாசம், நீலம். இங்கேயாவது நின்றிருக்காதா என்று ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்தேன். ஏழு மாசத்துக்கு முந்தின பெட்டியில்தான் நிறம் தெளிந்தது. நீலம் படிந்த ஒவ்வொரு ஸ்லைடின் ஓரத்திலும் தேதி, அதன் பக்கத்தில் பென்சிலால், எழுதிய நினைவே இல்லாத என் கையெழுத்து: சாயம் சரியில்லை. சாயம் சரியில்லை. சாயம் சரியில்லை.

பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனபோது பொடிசு டாக்டருக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் அவளிடம் சொல்லிவிட்டார் என்று முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. பெட்டிகளை மேஜையில் வைத்தேன்.

"ஏழு மாசம், டாக்டர்" என்றேன்.

பொடிசு ஒரு ஸ்லைடை எடுத்து ஓரத்தில் எழுதியிருந்ததைப் படித்தாள். இன்னொன்றை எடுத்தாள், அதையும் படித்தாள். பிறகு டாக்டரிடம், அப்போதே பார்த்திருந்தால் கிட்னி தப்பித்திருக்குமா என்று கேட்டாள். டாக்டர் என்னை ஒருதரம் பார்த்துவிட்டு, தப்பித்திருக்கலாம் என்றார்.

ஆஸ்பத்திரிக்கு அனுப்ப இன்னும் மூன்று குழாய் ரத்தம் வேண்டியிருந்தது. நான் கையுறையை எடுத்து மாட்டினேன். பொடிசு சேலைத் தலைப்பை இழுத்துக் கையை மூடிக்கொண்டாள்.

"நீ வேண்டாம்க்கா. டாக்டரே எடுக்கட்டும்."

கோபமாகச் சொல்லவில்லை. வழி விடுங்கள் என்று பஸ்ஸில் யாரோ ஒருவரிடம் சொல்வதுபோலச் சொன்னாள். டாக்டர் எழுந்து கை கழுவப் போனார். நான் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். கவுண்டரில் மூன்று பேர் காத்திருந்தார்கள். அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து முதல் ஆளிடம் பெயரைக் கேட்டேன்.