தாட்சாயினியின் வலது பக்கம்

பெப்ரவரி பதினோராம் திகதி காலை ஏழேகாலுக்கு, பிரெஞ்சு பேசும் பனி நகரமொன்றின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் இரண்டாம் மாடியில் இருக்கும் கௌரி வீட்டுப் பல்கனிக்குள் ஓர் ஒட்டகச்சிவிங்கி தலையை நீட்டியது. வெளியே மைனஸ் பத்தொன்பது. அது நைஜர் நாட்டிலிருந்து வந்திருந்தது. எப்படி வந்தது என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. அந்தக் கட்டடத்தில் எப்படி வந்தாய் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. மாநகரசபை ஆள் ஒருவர் வந்து, பனி அள்ளும் நாட்களில் அது தெருவின் மறுபக்கத்தில் நிற்கவேண்டும் என்று எழுதிய துண்டைக் கதவில் ஒட்டிவிட்டுப் போனார். கார்க்காரரைவிட அது ஒழுங்காக நடந்துகொண்டது.

அதை முதலில் கண்டவள் கௌரியின் ஒரே மகள், பதினாறு வயதுத் தாட்சாயினி. அவள் இந்த ஊரிலேயே பிறந்தவள், பிரெஞ்சு தண்ணீர்பட்ட பாடு. நைஜர்க்காரருக்கும் பிரெஞ்சு விளங்கும் என்று பள்ளியில் படித்திருந்ததால், மரியாதையாக ஒரு பொன்ஜூர் சொன்னாள். பின்னால் ஓடிவருகிறவரைக் கண்டும் காணாத பஸ் சாரதியைப்போல அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. அப்போது போர்வையைச் சுற்றிக்கொண்டு அனோஜினி வந்தாள். பிறந்த ஊரான சண்டிலிப்பாயின் வாசம் பேச்சில் அப்படியே இருக்க, "போஞ்சூர்" என்றாள். ஒட்டகச்சிவிங்கி நீலநிற நாக்கை நீட்டி அவளுடைய கன்னத்தை நக்கியது.

அனோஜினி கௌரியின் அண்ணன் மகள். ஒன்பது மாதத்துக்கு முன் தகப்பனோடு வந்தவள். தகப்பனுக்கு ஆற்றுக்கு அக்கரையில், லொங்குய்யில் வேலை. புதிதாக வந்த பிள்ளைகளுக்கான பிரெஞ்சு வகுப்பு இந்தப் பக்கம் என்பதால் அவளை மாமி வீட்டில் விட்டிருந்தார். வந்த நாளிலிருந்து தாட்சாயினியின் அறையில் பாதி, அலுமாரியில் இரண்டு தட்டு, முட்டைப்பொரியலில் பெரிய துண்டு எல்லாம் அவள் பக்கம் போயின. கௌரி எதற்கெடுத்தாலும் "பாவம், தாயில்லாத பிள்ளை" என்பாள். செத்துப்போன ஒரு தாயோடு எப்படிப் போட்டி போடுவது என்று தாட்சாயினிக்குத் தெரியவில்லை. இப்போது ஒட்டகச்சிவிங்கியும் அந்தப் பக்கம் சேர்ந்துவிட்டது. ஒவ்வொரு காலையும் அது வரும். தமிழ்க்கடையில் பக்கற்றில் விற்கும் உறைந்த முருங்கையிலையை அனோஜினியின் கையிலிருந்து தின்னும். தாட்சாயினி அதே பக்கற்றிலிருந்து எடுத்து நீட்டினாலும் தொடாது.

நான்காம் நாள் தாட்சாயினி கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று அதை வயிறு எரியப் பார்த்தாள். கழுத்திலிருந்த பழுப்புத் திட்டு ஒன்று, லைற்றை நூர்த்ததுபோல மறைந்தது. மறுநாள் பார்த்தாள், இரண்டு போயின. அதற்கடுத்த நாள் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள், தோளிலிருந்து ஐந்து போயின. ஒருவருக்கும் சொல்லவில்லை. அந்த வாரம் உடற்பயிற்சி வகுப்புக்கு உடை மாற்றும்போது, தன்னுடைய வலது விலாவில் எட்டுப் பழுப்புத் திட்டுகளைக் கண்டாள். சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாள், போகவில்லை. அதற்குப் பிறகு வயிற்றுவலி என்று கடிதம் கொடுத்து அந்த வகுப்புக்குப் போவதை நிறுத்தினாள்.

ஒட்டகச்சிவிங்கிகளை எண்ணுகிறவர்களில் ஒருத்தியான தீப்தி வாரம் ஒருமுறை கமராவோடு வருவாள். சென்னையிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்தவள். தேநீர் குடித்துக்கொண்டு, விலைவாசி சொல்வதுபோல எல்லாவற்றையும் சொல்வாள். ஆபிரிக்காவில் நாலு யானைக்கு ஓர் ஒட்டகச்சிவிங்கிதான் இருக்கிறது. முப்பது வருடத்தில் பத்தில் நாலு பங்கு அழிந்துபோனது. யானைக்காக அழுகிற சனம் இதைக் கவனிக்கவேயில்லை. நைஜரின் இந்த வெளிறிய இனத்தில் தொண்ணூறுகளில் மிஞ்சியது நாற்பத்தொன்பது. பாடுபட்டுக் காத்து இப்போது சில நூறாகியிருக்கிறது. இரண்டு ஒட்டகச்சிவிங்கிக்கு ஒரே மாதிரித் திட்டு அமையாது, கைரேகையைப்போல. ஆகவே வலது பக்கத்தைப் படம் பிடித்துத்தான் எண்ணுவார்கள்.

"ஆன்ட்டி, இப்ப ஒரு பிரச்சினை," என்றாள் தீப்தி, இரண்டாம் தடவை வந்தபோது. "இது பழைய ஃபோட்டோவோட மேட்ச் ஆக மாட்டேங்குது. இந்த மாசம் முடியறதுக்குள்ள ஆகலன்னா, செத்துப்போச்சுன்னு லிஸ்ட்லேர்ந்து எடுத்துடுவாங்க."

"உயிரோடை நிக்குதே, பிள்ளை."

"நிக்குது, ஆன்ட்டி. ஆனா இதுதான் அதுன்னு எப்படிச் சொல்றது?"

கௌரி பல்கனியில் நின்று அதை ஏறஇறங்கப் பார்த்தாள். "இது கண்ணூறு," என்றாள். "ஆரோ பொல்லாத கண் வைச்சிருக்கினம்."

அன்றே கண்ணூறு கழித்தாள். நாற்சந்தி மண்ணுக்குப் பதில் சந்தியில் மாநகரசபை கொட்டியிருந்த உப்பையும் சரளையையும் சுரண்டி எடுத்தாள்; செத்தல் மிளகாய் பதினொன்று சேர்த்து, வீடு கூட்டும் தும்புத்தடியின் நுனியில் பொட்டலமாகக் கட்டி, ஒட்டகச்சிவிங்கியின் தலையை மூன்றுதரம் சுற்றினாள். பிறகு அனோஜினியையும் சுற்றி, பொட்டலத்தைச் சட்டியில் போட்டு எரித்தாள். அப்பளம் பொரித்தாலே கத்துகிற புகை அலாம், பதினொரு மிளகாய் கருகியும் வாய் திறக்கவில்லை. ஒருவரும் இருமவில்லை. "பாத்தியே," என்றாள் கௌரி, "மேல்வீட்டு யோகராணிதான். அவளுக்குப் பல்கனியும் இல்லை." அன்றிலிருந்து யோகராணியோடு கதைப்பதை நிறுத்தினாள். கண்பட்டவரைச் சுற்றுவதுதான் வழக்கம். கண் வைத்தவரை யாரும் சுற்றுவதில்லை. கண் வைத்தவள் பக்கத்தில் நின்று மிளகாய்ச்சட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மாசக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்க, ஒட்டகச்சிவிங்கியின் உடம்பில் காதடியில் ஒரேயொரு திட்டுத்தான் மிஞ்சியது. மற்றதெல்லாம் தாட்சாயினியின் தோளிலிருந்து முழங்கால் வரை இறங்கியிருந்தன. அவள் காலைச் சாப்பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள். பலனில்லை. பல்கனியில் அனோஜினி சிரிக்கும் சத்தம் காதில் விழ, தன் காதடியில் சூடாக ஏதோ ஊறுவதை உணர்ந்தாள். தடவிப் பார்த்தாள். எழும்பிப்போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலுக்குக் கீழே படுத்தாள். அனோஜினி வந்து தேடியபோது அங்கிருந்தே எல்லாவற்றையும் சொன்னாள்.

அனோஜினியும் நிலத்தில் படுத்து, முகத்துக்கு முகம் பார்த்தாள்.

"எவ்வளவு காலமாய் என்னிலை எரிச்சல்?"

"நீ எயாப்போட்டாலை வந்த அண்டு தொடக்கம்."

"நான் ஒண்டும் செய்யேல்லையே, மச்சாள்."

"அதுதான். நீ ஒண்டும் செய்யாமலே எல்லாரும் உன்னட்டை வருகினம்."

"என்னட்டைப் பாவம் எண்டு வருகினம். உனக்கு அது வேணுமே?" அனோஜினி மூக்கை உறிஞ்சினாள். "வெளியிலை வா. காட்டு."

"ஏலாது. வெக்கம்."

"அது சாகப்போகுது, இவவுக்கு வெக்கம்."

தீப்தி அழைக்கப்பட்டாள். நீச்சல் உடுப்போடு தாட்சாயினி பல்கனியில் நின்றாள், மைனஸ் ஆறு. கௌரி வாயில் கைவைத்தபடி கதவோரம் நின்றாள். மகள் நடுங்குவதைப் பார்த்துப் போர்வையோடு ஓடியவளை, "ஒரு நிமிஷம், ஆன்ட்டி, நிழல் விழுது," என்று தீப்தி நிறுத்தினாள். படம் எடுத்தாள். மடிக்கணினி பதினொரு வினாடி யோசித்தது.

"மேட்ச்," என்றாள். "நூத்துக்கு நூறு. உயிரோட இருக்கு."

அப்படியே பதிவானது. ஒருவரும் அதைத் திருத்த முயலவில்லை. எண்ணிக்கை சரியாக வந்தபிறகு திருத்துவதற்கு என்ன இருக்கிறது. கௌரி ஒரு சட்டி இறால் கறியோடு யோகராணியிடம் போய் இரண்டு மணித்தியாலம் இருந்துவிட்டு வந்தாள். ஒட்டகச்சிவிங்கி பால்வெள்ளையாகத் தெருவிலேயே தங்கியது. பனிக்காலத்தில் வாகனங்கள் அதில் முட்டாமலிருக்க, கழுத்தில் செம்மஞ்சள் பட்டி கட்டிவிட்டார்கள். அது இன்றைக்கும் அனோஜினியின் கையிலிருந்துதான் தின்னும். தாட்சாயினியிடம் தீப்தி வருவாள், பிறகு அவளுடைய பேராசிரியர் வந்தார், நைஜரிலிருந்து இருவர் வந்து, தலை குனிந்து வணக்கம் சொல்லி, அவளுடைய வலது பக்கத்தை நீண்டநேரம் பார்த்துவிட்டுக் கண்கலங்கிப் போனார்கள். அவள் பல்லுத் தீட்டினாளா, சாப்பிட்டாளா என்றெல்லாம் விசாரித்தார்கள். அனோஜினி அந்த நேரங்களில் சமையலறையில் நின்று, கதவிடுக்கால் அவளையே பார்த்தபடி தேநீர் ஊற்றினாள்.

அடுத்த வருட எண்ணிக்கைக்குப் படம் எடுக்க வந்த தீப்தி, தேநீர்த் தட்டை நீட்டிய அனோஜினியின் வலது முழங்கையைக் கண்டு கமராவை அந்தப் பக்கம் திருப்பினாள். அங்கே மூன்று சின்னத் திட்டுகள், எந்தப் பழைய படத்தோடும் பொருந்தாதவை. குட்டி என்று எழுதிக்கொண்டாள். மொத்தத்தில் ஒன்று கூடியது. அந்தத் திட்டுகள் தன்னுடையவற்றைவிட வடிவாக இருப்பதாகத் தாட்சாயினிக்குப் பட்டது. அவள் உடனே எழும்பி, கதிரையை மற்றப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி தேநீரைக் குடித்தாள்.