வலது காற் சப்பாத்து

சமையல் மேடையில், சோற்றுப் பானைக்குப் பக்கத்தில், ஒரு சப்பாத்து இருந்தது. யாரோ ஒரு குழந்தையின் வலது காற் சப்பாத்து. தோல் கறுத்து, பெருவிரல் இடத்தில் ஓட்டை. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வரும் வீடு எங்களுடையது. லண்டன் நோர்பரிக்கு வந்தும் அதை நான் விட்டுக்கொடுத்ததில்லை. மஞ்சளும் சவர்க்காரமும் போட்டு உள்ளும் புறமும் உரசிக் கழுவி, வாசல் தட்டில் மகள் கம்சிகாவின் பள்ளிச் சப்பாத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

வேலையால் வந்த கணவர் நிசாந்தன் தலையில் கைவைத்தார்.

"பாமா, நீர் இதைக் கழுவினீரோ?"

"பின்னை? சோத்துப் பானைக்குப் பக்கத்திலை வைச்சுக் கும்பிடச் சொல்லுறியளோ?"

நிசாந்தன் பழைய கட்டடங்களை அளந்து படம் வரைபவர். 2004 இலையுதிர்காலம் முழுக்க வேல்ஸ் மலைப்பக்கத்துப் பண்ணைவீடு ஒன்றுதான் அவர் வாயில். நானூறு வருடத்து வீடு. ஒரே கூரை, மேற்புறம் மனிதர், கீழ்ப்புறம் மாடுகள், நடுவில் ஒரு நடை. மாட்டின் சூட்டில் மனிதரும் குளிர்காய்ந்திருக்கிறார்கள். கல்சுவர் ஒரு கை நீளத் தடிப்பு. அடுப்படியில் நின்று அண்ணாந்தால் புகைபோக்கி வழியே வானம் தெரியுமாம். அதைத் திருத்தும்போதுதான் சுவருக்குள் இந்தச் சப்பாத்து அகப்பட்டது. படம் வரைந்தபின் திரும்ப வைத்து மூடுவதாக வீட்டுக்காரருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, ஈரம் காயட்டும் என்று மேடையில் வைத்திருக்கிறார்.

"புகைபோக்கியாலை இறங்கி வாற கெட்டது, உள்ளுக்கை பிள்ளை இருக்கெண்டு நினைச்சு இதுக்குள்ளை பூந்திடுமாம். பிறகு வெளியிலை வர ஏலாதாம். அதுக்காண்டித்தான் பிள்ளையள் போட்டுத் தேய்ஞ்சதை வைச்சுக் கட்டினவை."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் கம்சிகா பள்ளியிலிருந்து நொண்டிக்கொண்டு வந்தாள். வலது சப்பாத்து கையில். கால் நோகவில்லையாம். அதன்பின் வலது காலில் எதைப் போட்டாலும் வீறிட்டாள். பாதம் குளிர்பெட்டி மீன்போல் சில்லிட்டு, வரவர நிறம் மங்கியது. டொக்டர் இரத்தம் எடுத்தார், எக்ஸ்ரே எடுத்தார், ஒன்றுமில்லை என்றார். எங்கள் முன்னறையில் புகைபோக்கியின் கீழே, பலகை அடித்து மூடிய பழைய கணப்படுப்பு ஒன்று உண்டு. அவள் அதன் முன் குந்தியிருந்து பேசத் தொடங்கினாள்.

"ஆரோடை கதைக்கிறாய்?"

"அவருக்கு இருக்க இடமில்லையாம் அம்மா."

நிசாந்தன் வேல்ஸுக்கு ஓடிப்போய்ச் சப்பாத்தைச் சுவருக்குள் வைத்து மூடிவிட்டு வந்தார். ஒன்றும் மாறவில்லை. எப்படி மாறும்? உள்ளே இருந்ததை நான் லண்டனில் கழுவி அல்லவா வெளியே விட்டிருக்கிறேன். குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் விசாவுக்கு வரிசையில் நின்றவள் நான். போக இடமில்லாதவர் இலேசில் போகமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

பட்டப்பகலில் பலகையைக் கழற்றினோம். கம்சிகா போட்டுத் தேய்ந்த வலது சப்பாத்தை, கழுவாமல், கணப்படுப்பின் உள்விளிம்பில் வைத்தேன்.

"என்ரை பிள்ளையை விட்டிடுங்கோ," என்று கெஞ்சினேன். தெய்வத்திடம்கூட அப்படிக் கெஞ்சியதில்லை. நிசாந்தன் பலகையை ஆணி அடித்து மூடினார்.

பின்னேரமே பாதம் சூடேறியது. புதுச் சப்பாத்து வாங்க டூட்டிங் கடைத்தெருவுக்குப் போனோம். வழியெல்லாம் இரண்டு காலாலும் துள்ளினாள். நான் பஸ்ஸிலேயே அழுதேன்.

அது போன வருடம். இன்று காலை பள்ளிக்குப் புறப்பட்டவள், கணப்படுப்புப் பக்கம் காதைச் சாய்த்தாள். பிறகு குனிந்து வலது சப்பாத்தின் வாரைக் கழற்றினாள்.

"கால் கடிக்குதோ?" என்றேன்.

"இல்லை அம்மா, எனக்கு இது அளவாத்தான் இருக்கு. அவருக்குத்தான் பழசு இறுக்குதாம்."