ஏழாவது கதவின் முதல் பக்கம்

மூன்றரை மாதம் கழித்துச் சகாயமேரி டீச்சர் பூந்தமல்லிப் பக்கத்து மிஷன் பள்ளிக்குத் திரும்பி வந்த அன்று, குழாயடியில் நின்றிருந்த வேம்புலியம்மாள் அவளைப் பார்த்ததும் சொம்பைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். ஏழாம் வகுப்புப் பெண். சுலபத்தில் பயப்படுகிறவள் இல்லை.

ஓடியவள் தூணுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். பெட்ரோல் பஞ்சத்தில் கரியில் ஓடிய பஸ்ஸின் புகை படிந்த சேலையும், டைபாய்டில் முடி கொட்டி முக்காடிட்ட தலையுமாக டீச்சர் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

"ஏன்டி ஓடுறே? நான்தான்."

"டீச்சர்... நீங்க செத்துட்டீங்கன்னு பொஸ்தகத்துல போட்டுகீதே!"

"எந்தப் புஸ்தகத்துல?"

வேம்புலியம்மாள் வகுப்புக்குள் ஓடிப்போய் எடுத்து வந்தாள். புதுப் புத்தகம். ஆனால் முனைகள் மடங்கி, அட்டையில் எண்ணெய்க் கறையோடு பத்துக் கை மாறியிருந்தது. 'ஏழாவது கதவு.' கீழே, ஹில்டா என்ற பெயர். அட்டையைப் புரட்டினால் முதல் பக்கத்தில் ஒரு கட்டம்: 'முதல் பாகத்தை எழுதி மறைந்த என் அருமைத் தோழி சகாயமேரியின் நினைவுக்கு.'

சகாயமேரி அதை இரண்டு முறை படித்தாள். எழுத்துப் பிழை எதுவும் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், 1942-இல், அவள் எழுதிய 'ஏரிக்குள் ஏழு கதவு' அச்சாகி வந்தது. ஆவடி ஏரிக்கரையில் துணி வெளுக்கிறவரின் மகள் தேனு. அவளும் பேசத் தெரிந்த ஒரு நொண்டி நாரையும் தண்ணீருக்கு அடியில் இருக்கும் ஊருக்குப் போகிற கதை. ஆறாவது கதவு சாத்தப்படும்போது தேனு இந்தப் பக்கம், நாரை அந்தப் பக்கம். அதோடு புத்தகம் முடிந்துவிடும். அன்றிலிருந்து பிள்ளைகள் அவளை விடவில்லை. திருநெல்வேலியிலிருந்து, கும்பகோணத்திலிருந்து, பள்ளிக்கூட விலாசத்துக்குக் கடிதங்கள் வந்தன. எல்லாவற்றிலும் ஒரே கேள்வி: நாரை என்ன ஆயிற்று?

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் அடுத்த பாகத்தை எழுதினாள். அவள் கையெழுத்தை அச்சுக் கோப்பவர்களால் படிக்க முடியாது. போர்டிங்கில் அவளோடு ஒரே அறையில் ஆறு வருஷமாக இருந்த ஹில்டா டீச்சர்தான் முத்து முத்தாகப் பிரதி எடுத்துக் கொடுப்பாள். ஏப்ரல் விடுமுறைக்குள் பதினொரு அத்தியாயங்கள் முடிந்திருந்தன. இன்னும் நான்குதான் பாக்கி. பட்டாபிராமில் அண்ணன் அந்தோணிராஜ் வீட்டுக்குப் போன இடத்தில் சகாயமேரி காய்ச்சலில் விழுந்தாள். ஹில்டா இரண்டு முறை ஆரஞ்சுப் பழத்தோடு வந்து பார்த்தாள். அப்புறம் வரவில்லை. பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, வேலை இருக்கும் என்று சகாயமேரி படுத்தபடியே அண்ணனிடம் அவளுக்காகப் பரிந்து பேசினாள்.

இப்போது அறைக்குப் போனபோது ஹில்டா ஜன்னலோரம் நோட்டு திருத்திக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தவள் முகத்தில் சந்தோஷம் ஒரு கணம் நிஜமாகவே வந்தது. சகாயமேரி கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது.

"மேரி, உட்காரு. இளைச்சுப் போயிட்டே."

"இது என்னா ஹில்டா?"

"சொல்றேன். ஜூன்ல உனக்குக் காய்ச்சல் திரும்பி, சாமியார் வந்து கடைசி அவஸ்தைப்பூசுதல் குடுத்துட்டாருன்னு சேதி வந்துச்சு. அந்த வாரம்தான் பதிப்பகத்துக்காரர் ஆள் அனுப்பினாரு. யுத்த காலம், இந்த மாசம் பேப்பர் கிடைச்சிருக்கு, விட்டா ஒரு வருஷம் ஆகும்னாரு. பசங்க தினம் கேட்டுக்கினே இருந்தாங்க. நீ பிழைக்க மாட்டேன்னு நெனச்சேன். உக்காந்து மீதி நாலையும் நானே எழுதிட்டேன்."

"எழுதினது சரி. நான் பிழைச்சுட்டேன்னு அண்ணன் உனக்குக் கார்டு போட்டாரே. வந்துச்சா?"

ஹில்டா பேனாவை மூடினாள்.

"வந்துச்சு."

"அப்போ அச்சாயிருந்துச்சா?"

"ரெண்டு ஃபாரம், முப்பத்திரெண்டு பக்கம்தான் ஆயிருந்துச்சு."

"இந்தப் பக்கம்?"

ஹில்டா சின்னக் குரலில் சொன்னாள்: "முன்பக்கத்தைக் கடைசியாத்தான் அச்சடிப்பாங்க."

"முக்காலணா கார்டுகூட வேணாம். ஒரு ஆளுகிட்ட சொல்லி அனுப்பியிருக்கலாம், ஹில்டா."

"சொல்லத்தான் இருந்தேன், மேரி. பதிப்பகத்துக்காரரு எழுதியிருந்தாரு, கடைசி அத்தியாயம் படிச்சு அழுதுட்டேன், நீங்க இவ்ளோ நாளா ஏன் எழுதலேன்னு. எனக்கு யாரும் அப்படிச் சொன்னதில்லே. உன் எழுத்தையே காப்பி பண்ணிக்கினு இருந்தவதானே நான். ஒரு நாள் கழிச்சு சொல்லலாம், ஒரு நாள் கழிச்சு சொல்லலாம்னு..."

சகாயமேரிக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. உடம்பில் தெம்பு இல்லை. தான் பிழைக்கப்போவதில்லை என்று ஹில்டா நினைத்தது அவளுக்கு வலிக்கவில்லை. உயிரோடு இருப்பது தெரிந்த பிறகும் அவளைச் சாகவிட்டிருக்கிறாள், அதுவும் 'அருமைத் தோழி' என்று அச்சுப்போட்டு.

பிற்பகல் வகுப்பில் நாற்பது பெண்களும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கணக்குப் புத்தகத்தை எடுத்தாள். சாமுண்டீஸ்வரி எழுந்து நின்றாள்.

"டீச்சர், கடைசியைப் படிச்சுக் காட்டுங்க டீச்சர். நீங்க படிச்சாதான் நாரை பேசற மாரி இருக்கும்."

மறுக்கலாமென்றுதான் வாயைத் திறந்தாள். ஆனால் அந்த நான்கு அத்தியாயங்களை அவளும் படித்ததில்லை. தன் நாரையை ஹில்டா என்ன செய்திருக்கிறாள் என்று பார்த்தாக வேண்டும். பன்னிரண்டாம் அத்தியாயத்திலிருந்து ஆரம்பித்தாள்.

ஏழாவது கதவைத் திறந்து வைக்க யாராவது உள்ளேயே நிற்க வேண்டும். நாரை தன் ஒற்றைக் காலைக் கதவிடுக்கில் ஊன்றி நின்றுகொண்டு, 'எனக்கு நின்னு பழக்கம், நீ போ தேனு' என்கிறது. தேனு கரையேறித் திரும்பிப் பார்க்கிறாள். ஏரியில் அலைகூட இல்லை. அந்த வரியைச் சகாயமேரி இரண்டு முறை படித்தாள். வகுப்பில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"இது நான் எழுதினது இல்லே" என்றாள் புத்தகத்தை மூடி. "பதினொரு அத்தியாயம் நான் எழுதினேன். மீதி ஹில்டா டீச்சர் எழுதினாங்க. என் கதையில நாரை திரும்பி வந்துடும். தேனு அதைத் தோள்ல தூக்கிக்கினு ஊட்டுக்கு வருவா."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வேம்புலியம்மாள்தான், டீச்சருக்கு நோகக்கூடாதே என்ற யோசனையோடு மெதுவாகச் சொன்னாள்:

"அதுவும் நல்லாத்தான் கீது டீச்சர். ஆனா இதான் இன்னும் நல்லாகீது."

நாற்பது தலைகளும் ஆமாம் என்று ஆடின.

மறுநாள் சகாயமேரி பதிப்பகத்துக்குக் கடிதம் போட்டாள். பதிப்பகத்துக்காரர் பதறிப்போய்ப் பதில் எழுதினார். அடுத்த பதிப்பில் திருத்திவிடுவதாகவும், அதற்குக் காகிதம் எப்போது கிடைக்கும் என்று தெரியவில்லை என்றும். அதுவரை ஊர் ஊராகப் பிள்ளைகள் ஹில்டாவுக்கு அனுதாபக் கடிதங்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அதற்கெல்லாம் முன்பே, வகுப்பு முடிந்த அந்தச் சாயங்காலமே, சகாயமேரி தன் டிரங்குப் பெட்டியை இழுத்துக்கொண்டு, மருந்தறைக்குப் பக்கத்தில் காலியாக இருந்த சின்ன அறைக்குப் போய்விட்டாள். ஹில்டா வராந்தாவில் வழிமறித்து நின்றாள். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருப்பாள். கண் சிவந்திருந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"படிச்சியாமே. கடைசி அத்தியாயம்... எப்படி இருந்துச்சு, மேரி?"

சகாயமேரி பெட்டியின் பிடியை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"நல்லா இருந்துச்சு" என்றாள். "வழி விடு."