நடந்துதான் போவும்

லாரியின் பின்பலகைக் கொக்கியைத் தட்டித் திறந்துவிட்டு, சவரிராயன் தோள் துண்டை எடுத்துத் தளத்தைத் தானே துடைத்தார். கடலைத்தோல் காற்றில் பறந்து வாசலில் நின்றவர்களின் தலையில் விழுந்தது.

“மண்டிக்காரரு லோடையே நிறுத்திட்டு அனுப்புனாரு. நம்ம வூட்டுச் சாவுக்கு லாரி வருதுன்னா சும்மாவா? எந்தம்பி பொண்டாட்டி ராணியாட்டம் போவட்டும்.”

வாசல் பெஞ்சின் மேல் சவப்பெட்டி திறந்திருந்தது. மிக்கேலம்மாளின் விரல்களில் உபதேசியார் செபமாலையைச் சுற்றி வைத்திருந்தார். நேற்று மதியம் களை எடுத்துக்கொண்டிருந்தவள், நெஞ்சைப் பிடித்தபடி வரப்பில் உட்கார்ந்தாள். பிறகு எழவில்லை.

பெட்டியருகே நின்ற மகள் ராஜமேரி லாரியைப் பார்த்தாள். அப்புறம் அம்மாவின் கால்களைப் பார்த்தாள். பெருவிரல்கள் இரண்டையும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். எவ்வளவு தேய்த்துக் கழுவியும் குதிகால் வெடிப்பிலிருந்த செம்மண் போகவில்லை.

எட்டு வருஷமாக அந்தக் கால்கள் தாமாக எந்த வண்டியிலும் ஏறியதில்லை.

அறுபத்து மூன்றாம் வருஷம் அப்பாவும் அம்மாவும் கடலை லாரியில், மூட்டைகளின் மேல் உட்கார்ந்து சேலத்துக்குப் போனார்கள். தொப்பூர் இறக்கத்தில் லாரி கவிழ்ந்தது. அப்பா அங்கேயே போய்விட்டார். அம்மா மூட்டைகளுக்கு அடியில் பொழுது சாயும்வரை கிடந்தாள். ஒரு கை மட்டும் வெளியே இருந்தது. அந்தக் கைக்கு எட்டியதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தாளாம். இது கல்லு, சுடுது. இது புல்லு. இது என் வளையலு, ஒடஞ்சிருக்குது. அந்தச் சத்தம் கேட்டுத்தான் அவளைத் தேடி எடுத்தார்கள்.

அதற்குப் பிறகு லாரிச் சத்தம் கேட்டால், கடலைச் சாக்கு வாசம் அடித்தால், அவளுக்கு மூச்சு அடைக்கும். சந்தையோ நடுரோடோ, அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுவாள். உள்ளங்கையை மண்ணில் அழுத்தி, அடுப்பு ஊதுகிற மாதிரி நீளமாக மூச்சை விட்டு, கையில் பட்டதை ஒவ்வொன்றாகச் சொல்வாள். நடுக்கம் நின்றதும் சேலையைத் தட்டிவிட்டு எழுந்து போவாள்.

ஊர் அதைப் பேய் என்றது. சவரிராயன்தான் அவளைக் கட்டை வண்டியில் கயிற்றால் கட்டி, பேயோட்டுகிற ஒரு கோயிலுக்குக் கொண்டுபோனார். இருபத்தொரு நாள் தூணில் சங்கிலி போட்டு வைத்தார்கள். அவிழ்த்துவிட்டதும் அவள் இரண்டு நாள் நடந்தே ஊர் வந்து சேர்ந்தாள். கணுக்காலில் ரத்தம் காய்ந்திருந்தது.

“பேயா இருந்தா அங்கயே வுட்டுட்டு வந்திருப்பன். இது பயம். எங்கூடத்தான் இருக்கும். இருந்துட்டுப் போவட்டும்” என்று சொல்லிவிட்டு அடுப்பு பற்றவைத்தாள்.

ராஜமேரிக்கும் அது இருந்தது. கடத்தூர் பள்ளிக்கூடத்துக்கு லாரி ரோட்டோரம் நடக்க வேண்டும். தலைவலி என்று சொல்லி எட்டாவதோடு நின்றுவிட்டாள். அது வரும்போதெல்லாம் வீட்டுக்குப் பின்னால் போய், சுவரில் கையை வைத்துக்கொண்டு, கையில் படுவதை உதடு அசையாமல் சொல்லிக்கொள்வாள். அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. தெரிந்தால் அந்தச் சங்கிலி தன் காலுக்கும் வரும் என்று தெரியும்.

“பெரியப்பா, லாரி வேண்டாங்க.”

சவரிராயன் துண்டை உதறுவதை நிறுத்தினார். “என்னம்மா பேசற? கல்லறைக்கு மூணு மைலு. நாலு மணிக்கு சாமியாரு குழி மந்திரிக்க வந்துருவாரு.”

“எங்கம்மா நடந்துதான் போவும்.”

“செத்தவ எப்பிடிடி நடப்பா?”

யாரோ சிரித்தார்கள். டிரைவர் தர்மன், நேரமாகிறது தெரியட்டும் என்று வண்டியைக் கிளப்பினான்.

தரை அதிர்ந்தது. புகையோடு கடலைச் சாக்கின் வாசம் வந்தது. ராஜமேரியின் விரல்கள் குளிர்ந்தன. பெஞ்சு, பெட்டி, முகங்கள் எல்லாம் தூரமாகப் போயின.

“ஐயோ, அவ கண்ணப் பாருங்க!” பெரியம்மா ஆரோக்கியம்மாள் பின்னால் நகர்ந்தாள். “ஆத்தாளுக்கு இருந்தது மவள வந்து புடிச்சிருச்சு!”

“பொம்பளைங்க ரெண்டு பேரு புடிங்க அவள. அடக்கம் முடியட்டும். நாளைக்கே கோயிலுக்குக் கொண்டும்போயிடலாம்” என்றார் சவரிராயன்.

வீட்டுக்குப் பின்னால் போகப் பத்தடிதான். வழியும் திறந்துதான் இருந்தது. ராஜமேரி அந்தப் பக்கம் போகவில்லை. லாரிக்கு முன்னால் போய், சக்கரத்தை ஒட்டித் தரையில் உட்கார்ந்தாள். உள்ளங்கையை மண்ணில் அழுத்தினாள். அடுப்பு ஊதுகிற மாதிரி மூச்சை விட்டாள்.

“இது மண்ணு” என்றாள். குரல் சின்னதாக வந்தது. இன்னொரு முறை, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். “இது மண்ணு. சுடுது.”

கை ஊர்ந்து போய்ச் சக்கரத்தைத் தொட்டது.

“இது டயரு. இதுவும் சுடுது. இது கடலைத்தோலு. இது எங்கையி. நடுங்குது.”

“எந்திரி மேரி. மானம் போவுது.”

“நடுங்கி முடியட்டும் பெரியப்பா, எந்திரிக்கறன். கோயிலுக்குக் கொண்டும்போனா அங்கயும் உக்காந்து இதேதான் சொல்லுவன். சங்கிலி போட்டா, இது சங்கிலி, சில்லுன்னு இருக்குதுன்னு சொல்லுவன்.”

பிடிக்க வந்த இரண்டு பெண்களும் நின்றுவிட்டார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு பக்கத்துக் காட்டுக் காசியம்மாள் வந்தாள். நேற்று வரப்பில் மிக்கேலம்மாளின் தலையை மடியில் வைத்திருந்தவள் அவள்தான்.

“பேயாம் பேயி. எட்டு வருசமா அவகூடக் களை எடுக்கறன். நான் ஒரு பாத்தி முடிக்கறதுக்குள்ள ரெண்டு பாத்தி முடிப்பா. அப்பிடி ஒரு பேயி என்னையும் புடிக்கக் கூடாதா?” முந்தானையை இடுப்பில் செருகி, ராஜமேரிக்குப் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். “தர்மா, வண்டிய ஆஃப் பண்ணுடா. நீ ஏத்தறதுன்னா ரெண்டு பேரு மேல ஏத்தணும்.”

தர்மன் சவரிராயனைப் பார்த்தான். பிறகு சாவியைத் திருப்பினான்.

சத்தம் நின்றதும் வேப்பமரத்தில் காக்கை கத்துவது கேட்டது. ராஜமேரி இன்னும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கூட்டம் மொத்தமும் அவள் முடிக்கிறவரை வெயிலில் நின்றது.

காசியம்மாளின் புருஷன் முனியப்பன் போய்ப் பெட்டியின் தலைப்பக்கம் நின்றான். துண்டைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டான். இன்னும் இரண்டு பேர் கால் பக்கம் வந்தார்கள்.

“ஆம்பளைங்களுக்குத் தோளு வலிச்சா சொல்லுங்க, நாங்க தூக்கறம்” என்றாள் காசியம்மாள், கீழே உட்கார்ந்தபடியே.

“மூணு மைலு” என்றார் சவரிராயன், யாரிடம் என்றில்லாமல். துண்டிலிருந்த கடலைத்தோலை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டார். பிறகு அதைச் சுருட்டித் தன் தோளில் வைத்துக்கொண்டு முனியப்பனுக்கு அந்தப் பக்கம் போய் நின்றார்.

ராஜமேரி எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டாள்.

புளியமரத் திருப்பம் வரும்போது பின்னாலிருந்து ஹாரன் கேட்டது. மண்டிக்குத் திரும்பிப் போகும் அதே லாரி. ஊர்வலம் ஓரமாக ஒதுங்கியது. காலியான தளம் தடதடக்க, புழுதியைக் கிளப்பிக்கொண்டு அது அவர்களைக் கடந்தது.

ராஜமேரியின் கை பெட்டியின் விளிம்பைப் பற்றியது.

“மரம்” என்றாள், வாய்விட்டு. “சொரசொரன்னு இருக்குது.”

முன்னால் தூக்கிப் போன சவரிராயன் திரும்பிப் பார்க்கவில்லை. நடையை மட்டும் கொஞ்சம் குறைத்தார்.