ஆஃபுல் மேடம்

விருத்தாசலத்தில் உருப்படியாக ஆங்கிலம் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் என்பது அடைக்கலத்தின் தீர்மானம். அது யாரென்று அவர் சொல்வதில்லை. பிறர் சொல்லக் காத்திருப்பார். அரசு அலுவலகம் ஒன்றில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைக்காரன் காலத்து அகராதி ஒன்றை வைத்துக்கொண்டு, இங்கிலாந்திலேயே செத்துப்போன சொற்களுக்கு இங்கே சோறூட்டி வந்தார். ஆட்டோக்காரரைக்கூட உடனே என்று சொல்லாமல் 'ஃபோர்த்வித்' கிளம்பச் சொல்வார்.

மகள் லிசா, செராமிக் பேட்டையில் கோப்பை செய்யும் சூளை நடத்துகிறாள். லண்டனிலிருந்து ஹெலன் என்ற வியாபாரி சரக்குப் பார்க்க வருவதாகத் தெரிந்ததும், வரவேற்புரை தன் பொறுப்பு என்றார் அடைக்கலம்.

"எழுதினத ஒருக்கா காட்டுங்கப்பா."

"ஒனக்குப் புரியாது. வாட்ஸப் இங்கிலீஷ் வேற, இது வேற."

ஹெலனுக்கு மாலை போட்ட கையோடு, தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். "ஓ, ஆஃபுல் மேடம்…"

அவருடைய அகராதியில் அந்தச் சொல்லுக்குப் பயபக்தி தரும் மாட்சிமை என்று பொருள். இன்றைய லண்டனில் படுமோசம் என்று பொருள். லிசா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவரோ நிறுத்தவில்லை. அம்மையாரின் ஆஃபுல் முகத்தையும் ஆஃபுல் குரலையும் வரிசையாகப் புகழ்ந்தார்.

ஹெலன் கைக்குட்டையால் வாயைப் பொத்தினாள். தோள் குலுங்கியது, கண்ணில் நீர் வழிந்தது.

"தாய்மொழியக் கேட்டதும் அழுவுறாங்க பாரு," என்று மகளிடம் கிசுகிசுத்தார்.

போகும்போது ஹெலன், அந்த வாசகத்தையே அச்சடித்த கோப்பைகள் வேண்டுமென்று பெரிய ஆர்டர் கொடுத்தாள். அதன்பின் டீக்கடை, மாதா கோயில் வாசல் எங்கும் அடைக்கலத்துக்கு ஒரே பேச்சு. "இங்கிலாந்துக்கே இங்கிலீஷ் ஏத்துமதி பண்றோம்." லிசா வாயைத் திறக்கவில்லை. ஆர்டர் அவளுக்கு வேண்டியிருந்தது.

கோப்பை விற்பனைக்கு வந்ததும் ஹெலன் கடையின் இணையப் பக்கத்தை அடைக்கலமே மகளிடம் கேட்டு வாங்கிப் பார்த்தார். 'மாமியாருக்கு ஏற்ற கேலிப் பரிசு' என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது.

"அழுதாங்களேம்மா?"

"சிரிச்சாங்கப்பா. அடக்க முடியல."

அடைக்கலத்தின் காதுமடல் சிவந்தது.

"நல்ல வார்த்தையக் கெடுத்து வச்சிட்டு என்னப் பாத்து சிரிக்கிறாங்களா? மாறிப் போனது அவங்க. நான் நின்ன எடத்துலதான் நிக்கிறேன்."

"அதாம்பா பிரச்சன."

அது அவர் காதில் விழவில்லை. அந்த அம்மாளுக்கு ஒழுங்கான ஆங்கிலம் கற்றுத்தர வேண்டும், ஈமெயில் முகவரியைக் கொடு என்றார். லிசா கொஞ்சம் யோசித்தாள். பிறகு கொடுத்தாள்.

அவர் ஈமெயில் வரிகளையே அச்சடிக்கச் சொல்லி, அடுத்த ஆர்டர் முந்தையதைவிடப் பெரிதாக வந்தது.